என்.ஜி.ஓ. வேலையில் இருந்துகொண்டு முதுகலை: எம்.எஸ்.டபிள்யூ.வா, மேலாண்மையா, வெளிநாடா?

செஞ்சிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஐந்து வருடமாகக் களப்பணி. மகளிர் குழுக்கள், அப்புறம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது. படிப்பு பி.காம்., அரசுக் கல்லூரி, தமிழ்வழி. பெயருக்கு ஒருங்கிணைப்பாளர், சம்பளம் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே.

சமீபத்தில் எங்கள் ஆபீஸில் திட்ட மேலாளர் இடம் காலியானது. வெளியிலிருந்து முதுகலை முடித்த ஒருவரைப் போட்டார்கள். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவது நான், அறிக்கையில் கையெழுத்து அவருடையது. சரி, நாமும் படித்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வேலையோடு படிக்கலாம் என்கிறார்கள். டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), இர்மா (குஜராத் ஆனந்தில் உள்ள கிராமிய மேலாண்மை நிறுவனம்) என்றும் பெயர் அடிபடுகிறது. சென்னையில் ஒரு கன்சல்டன்சிக்காரர் இன்னும் மேலே போய், அமெரிக்காவில் MBA போலவே MPA (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது பொது நிர்வாகம்) என்று ஒன்று இருக்கிறது, தொண்டு நிறுவன மேலாண்மையையே சிறப்புப் பாடமாக எடுக்கலாம், நாற்பது லட்சம் லோன் போடுங்கள், முடித்ததும் ஐ.நா.வில் வேலை என்கிறார். அப்பாவுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். கல்யாணப் பேச்சு தனியாக ஓடுகிறது, அதற்கு இங்கே ஆலோசனை வேண்டாம். எது உருப்படியான வழி?

---

சும்மா ஒருத்தன்:

சேவை செய்யவும் டிகிரி கேட்கிறார்களா? நாட்டில் பாதி டிரஸ்ட் வரி தப்பிக்க நடத்துவது. அதை மேனேஜ் செய்ய ஆடிட்டர் போதும். லோன் போடாதீங்க சகோதரி, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிங்க.

---

கணக்குப்பிள்ளை:

@சும்மா ஒருத்தன், அந்த ஆடிட்டருக்கு வவுச்சரை ஒழுங்காக அடுக்கிக் கொடுக்கிற ஆள் கிடைக்காமல்தான் நாங்கள் தவிக்கிறோம்.

தங்கச்சி, நான் மதுரையில் சின்னதும் பெரியதுமாகச் சில நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறவன். நீங்கள் பி.காம். என்பதை ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இந்தத் துறையில் மனம் இளகிய ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எதற்கென்றால், வரவு செலவும் சட்டமும் தெரிந்து, கூடவே கிராமமும் தெரிந்த ஆளுக்கு.

ஒரு சாதாரண டிரஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் வருகிற வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். மிச்சம் பிடித்து வைக்க வேண்டுமானால் எதற்கு, எத்தனை வருடத்துக்கு என்று படிவம் போட வேண்டும். 80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது) கொடுத்திருந்தால் நன்கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்றியாக வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அது தனி உலகம். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. பணம் முதலில் வந்து விழ வேண்டியது டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் பிராஞ்சில் மட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்பது. நம் பக்கம் எத்தனையோ சின்ன அமைப்புகள் பெரிய நிறுவனத்தின் நிழலில் அப்படி வாங்கித்தான் ஓடின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த 20 சதவீதத்துக்குள் யார் சம்பளம் வரும், யார் சம்பளம் திட்டச் செலவு, வாடகையை எப்படிப் பிரிப்பது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் மேலாண்மை. எந்த முதுகலையில் சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை வாங்கி, நிதி, பட்ஜெட், சட்டம், மதிப்பீடு இவற்றுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் உங்களுக்கு அது வேண்டாம்.

---

முன்னாள் களப்பணி:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வது பாதிதான் சரி. நானும் களத்திலிருந்து வந்தவள், பிறகு எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன். அதைக் கணக்குத் தெரியாதவர்களின் படிப்பு மாதிரி பேச வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் களப்பயிற்சி, அதற்கு மேற்பார்வை, எழுத்து எல்லாம் உண்டு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-லிருந்து நடக்கிறது. மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் நலம், மனநலம் என்று போகிறவர்களுக்குப் பல இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. இல்லாமல் கதவு திறக்காது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேலை அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள், சமூகப்பணி, சமூகவியல் மாதிரியான பட்டம் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

செஞ்சிக்காரி, உங்கள் விஷயம் வேறு, அதைத் திறந்து பேசிவிடலாம். இந்தத் துறையில் ஒரு மாடிப்படி இருக்கிறது. கீழே களப்பணியாளர்கள். பெரும்பாலும் உள்ளூர், தமிழ்வழி, முதல் தலைமுறை, அதிலும் பெண்கள். மேலே புரபோசல் எழுதுகிறவர்கள், நன்கொடையாளரோடு ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள். கீழிருந்து மேலே போகிற படியில் ஒரு கண்ணாடிக் கதவு, அதன் சாவியைத்தான் முதுகலை என்கிறார்கள். நான் முன்பு இருந்த நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஓர் அக்கா ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருந்தார். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பருத்திக் காட்டுக்குப் போகிறது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார். அவர் பெயர் எந்த அறிக்கையிலும் வந்ததில்லை. அறிக்கையில் "சமூகத் தன்னார்வலர்" என்று மட்டும் வரும்.

அதனால் நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், பாடத்துக்காக மட்டும் இல்லை. இரண்டு வருடம் உங்கள் வயது ஆட்களோடு உட்கார்ந்து, எழுதி, வாதாடி, "இது எனக்குத் தெரியும்" என்று சபையில் சொல்லப் பழக வேண்டும். அஞ்சல் வழியில் அது கிடைக்காது. இக்னோ எம்.எஸ்.டபிள்யூ. செல்லாத பட்டம் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே மேலாளராக இருந்துகொண்டு ஒரு தாள் மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு அது சரி.

---

ஆனந்த் பால்காரன்:

இர்மா பெயர் வந்ததால் எட்டிப் பார்த்தேன். அங்கே படித்தவன்.

வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தொழில்முறை மேலாளர்கள் வேண்டும், ஐ.ஐ.எம்.மில் படித்தவன் கிராமத்துக்கு வர மாட்டான், அதனால் நாமே உருவாக்குவோம் என்பதுதான் அவர் கணக்கு. 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் திரிபுவன் சஹகாரி பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. படிப்பு அடிப்படையில் மேலாண்மைதான்: நிதி, சந்தை, புள்ளியியல், நடுவில் கிராமத்தில் போய்த் தங்க வேண்டிய பருவம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குறைவு. நான் இருந்தபோது மெஸ்ஸில் ரசம் கேட்டுச் சண்டை போட ஒரு கை விரல் எண்ணிக்கைக்குக்கூட ஆள் தேறவில்லை.

ஆனால் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். உள்ளே வர கேட் (CAT, ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வு) மாதிரியான தேர்வு எழுத வேண்டும். முடித்ததும் நிறையப் பேர் வங்கி, நுண்கடன் நிறுவனம், உணவு கம்பெனி என்று போவார்கள், ஏனென்றால் லோன் கட்ட வேண்டும். விழுப்புரத்துக்கே திரும்பி வந்து வேலை பார்க்க நினைத்தால் இது உங்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் பார்ப்பது பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். எம்.ஏ. டெவலப்மென்ட். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், களத்தில் வேலை பார்த்தவர்களை விரும்பி எடுக்கிறார்கள். அதற்கடுத்து மதுரையில் தானம் அறக்கட்டளையின் டாடா-தான் அகாடமி, சோழவந்தான் பக்கம். வகுப்பும் களமும் மாறி மாறி வரும். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டியவர்களின் இடம் என்பதால் மகளிர் குழு தெரிந்த உங்களுக்கு அது அந்நியமாக இருக்காது. ஆனால் சேருவதற்கு முன்பு, கடைசியில் கையில் தருவது பல்கலைக்கழகப் பட்டமா வேறு சான்றிதழா, அரசு அறிவிப்பில் முதுகலை கேட்கிற இடத்தில் எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

---

செஞ்சிக்காரி:

முன்னாள் களப்பணி அக்கா, அந்த மாடிப்படி பத்தியை எங்கள் குழு வாட்ஸப்பில் போட்டேன். ராத்திரி பதினொரு மணி வரை பேசித் தீர்த்தார்கள்.

ஒரு சந்தேகம். என் ஆங்கிலம் படிக்கப் பரவாயில்லை, எழுத வராது. லாக்ஃபிரேம் என்று ஒரு கட்டம் போட்ட தாளை முன்னால் வைப்பார்கள். அதில் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் நான் தமிழில் சொல்ல, வேறு ஒருவர்தான் நிரப்புவார். இதோடு டிஸ், பெங்களூரு எல்லாம் போக முடியுமா? அமெரிக்கா பற்றியும் யாராவது சொல்லுங்கள், கன்சல்டன்சிக்காரர் தினமும் கூப்பிடுகிறார்.

---

ராரிட்டன் கரை:

நியூஜெர்சியிலிருந்து. இங்கே ஒரு லாபநோக்கற்ற நிறுவனத்தில் மானியப் பிரிவில் வேலை, அந்த MPA (பொது நிர்வாகம்) இங்கேயே முடித்தேன். படிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் துறைக்கு நீண்ட மரபு இருக்கிற நாடு, சிராக்யூஸின் மேக்ஸ்வெல் பள்ளி 1924-லிருந்து நடக்கிறது. வாரியத்தை எப்படி நடத்துவது, நன்கொடையாளரை எப்படித் தக்கவைப்பது, அரசு ஒப்பந்தத்தை எப்படி எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தாள்.

ஆனால் மேடம், உங்களுக்கு அந்த ஆள் சொல்லாமல் விட்டது நிறைய.

முதல் விஷயம், உங்கள் பி.காம். மூன்று வருடம். இங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளங்கலை கேட்கும். சில இடங்களில் ஏற்பார்கள், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கிற ஓ.பி.டி. 12 மாதம். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டங்களுக்கு மட்டும். பொது நிர்வாகம் பெரும்பாலும் அதில் வராது, தரவுப் பகுப்பாய்வை மையமாக வைத்த சில படிப்புகள் வரும். அந்த ஒரு வருடத்துக்குள் எச்1பி வேலை விசா போட ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். பல்கலைக்கழகம், அதோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்பு, லாபநோக்கற்ற அல்லது அரசு ஆராய்ச்சி நிறுவனம் இவற்றுக்கு மட்டும்தான் குலுக்கல் இல்லை. தெருமுனையில் உணவு வங்கி நடத்துகிற சாதாரண அமைப்பு 85,000 இடத்துக்கான அதே குலுக்கலில் கம்பெனிகளோடு நிற்க வேண்டும். வக்கீல் செலவைக் கேட்டதுமே அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

இங்கத்திய பிள்ளைகள் தைரியமாக லோன் எடுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அரசிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே 120 தவணை கட்டினால் மிச்சமுள்ள மத்திய அரசுக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்கிற திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. உங்கள் நாற்பது லட்சம் இந்திய வங்கிக் கடன். அதை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

ஆசை அடங்கவில்லையென்றால் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள். இங்கே வரிவிலக்கு பெற்ற அமைப்புகளில் பெரும்பாலானவை வருடாவருடம் 990 என்ற படிவம் போட வேண்டும், அது பொதுவில் கிடைக்கும். மேல்நிலையில் இருப்பவர்களின் சம்பளம் வரை அதில் இருக்கும். இரண்டு சின்ன அமைப்புகளின் படிவத்தை எடுத்து, டைரக்டருக்கே என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, கன்சல்டன்சிக்காரர் சொன்ன மாதத் தவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

கிளிநொச்சிப் பொடியன்:

ஐ.நா. வேலை என்று அந்த ஆள் சொன்னதைப் பற்றி நான் கதைக்கிறேன். இலங்கையில், வன்னியில் 2009-க்குப் பிறகு சர்வதேச நிறுவனங்கள் வரிசையாக வந்து நின்ற காலத்தில் நான் ஒரு கருத்திட்ட உத்தியோகத்தராக (திட்ட அலுவலர்) இருந்தேன். எங்கள் பொடியன்கள், பெட்டையள் எல்லோரும் கணினியும் ஆங்கிலமும் கொஞ்சம் தெரிந்தால் உள்ளே போய்விடலாம், சம்பளமும் அரசாங்கத்தைவிட அதிகம். சில வருடங்களில் நிதி குறைந்தது, அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வாகனம் ஓட்டியவரில் இருந்து திட்ட முகாமையாளர் வரை ஒரே நாளில் வீட்டில். நல்ல அனுபவம் இருந்தும் பலரிடம் காட்டுவதற்குப் பட்டம் இருக்கவில்லை.

ஐ.நா.வில் சர்வதேசப் பதவிகளுக்குப் பொதுவாக முதுமாணிப் (முதுகலை) பட்டமும், அதற்கு மேல் வருடக்கணக்கில் அனுபவமும் கேட்பார்கள். பட்டத்தைப் படித்து முடித்த கையோடு எடுப்பது அபூர்வம். உள்ளூர்ப் பணியாளர் பதவிகள் வேறு, அவற்றுக்கு உங்கள் நாட்டில் உங்கள் அனுபவம்தான் பெறுமதி. எனவே அமெரிக்கா போனால்தான் ஐ.நா. என்பது கட்டுக்கதை.

நான் பிறகு அரச சேவைக்கு வந்து, கொழும்பில் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்தில் பொது முகாமைத்துவ (மேலாண்மை) முதுமாணி செய்தேன். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் திணைக்களங்களில் இருந்து வந்தவர்கள். பதவி உயர்வுக்காக வந்தவர்களே அதிகம், அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் எனக்கு அங்கே ஒன்று விளங்கியது. அரசசார்பற்ற நிறுவனத்தில் இருந்தபோது பிரதேச செயலகத்தை ஒரு தடையாகவே பார்த்தோம், கடிதம் கொடுத்து அனுமதி எடுக்கிற இடம், அவ்வளவுதான். ஒரு ரூபாய் எந்த நிதி ஒதுக்கீட்டில் இருந்து எந்தத் தலைப்புக்குள் வருகிறது, வருட முடிவில் ஏன் அவசரமாகச் செலவழிக்கிறார்கள் என்று படித்த பிறகு, நாங்கள் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த கட்டடங்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று தெரிந்தது. பராமரிப்புக்கு யாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இடமில்லை. தங்கச்சி, எங்கே படித்தாலும் அரசாங்கத்தின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லித்தருகிற படிப்பாகப் பாருங்கள்.

---

சும்மா ஒருத்தன்:

எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதி அவங்களைப் பயமுறுத்திட்டீங்க. நான் சொன்ன டி.என்.பி.எஸ்.சி.யே மேல்.

---

முன்னாள் களப்பணி:

@சும்மா ஒருத்தன், தேர்வு எழுதி எத்தனை வருடம் காத்திருப்பது என்று அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டதற்கு: டிஸ் முதுகலைக்குப் பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுத வேண்டும். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் வையுங்கள். சின்னாளப்பட்டி பக்கத்தில், கட்டணம் குறைவு, கிராம வளர்ச்சியில் பழைய இடம், தமிழ்வழி வந்த பிள்ளைகளை வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். வகுப்பில் முதல் பருவம் கஷ்டப்படுவீர்கள், அது எல்லா இடத்திலும் உண்டு. லாக்ஃபிரேமை நிரப்ப வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நோக்கம், விளைவு, அதற்கு அத்தாட்சி என்ன, எது நடந்தால் திட்டம் கவிழும் என்ற நான்கையும் நீங்கள் சொல்லித்தானே அவர் எழுதுகிறார்? மொழியை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம்.

பட்டியலினத்தவர் என்றால் (சொல்ல வேண்டியதில்லை) மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. 35 வயதுக்குள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், இளங்கலையில் 60 சதவீதம். தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு மேற்படிப்புக்குத் தருகிறது. யாராக இருந்தாலும் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை உண்டு. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் டாட் (DAAD) என்ற கல்வி உதவி அமைப்பின் ஹெல்முட் ஷ்மிட் திட்டம் நல்லாட்சி, பொதுக்கொள்கை முதுகலைக்கென்றே இருக்கிறது, எர்ஃபுர்ட் போன்ற இடங்களில். இவை எதற்கும் கன்சல்டன்சி தேவையில்லை, நேரடி விண்ணப்பம். லோன் போட்டு வெளிநாடு என்பதை மட்டும் மறந்துவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்ன மாடிப்படியை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்கி மேலே போன பிறகும் அந்தப் படி அப்படியேதான் இருக்கும், அதற்குக் காரணம் பணம் வருகிற விதம். கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்ததிலிருந்து, பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் என்று அவர்கள் நம்மிடம் கறார் பேசுகிறார்கள். விதியில் உள்ள 5 சதவீதம் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு. நம் தலையில் அதைக் கட்ட வேண்டியதில்லை. இதை எடுத்துச் சொல்ல நம் பக்கம் ஆள் இல்லாததால் முதலில் வெட்டுப்படுவது களப்பணியாளர் சம்பளம். விதியைப் படித்துவிட்டு அந்த மேஜையில் போய் உட்காருகிற ஆளாக ஆகிறதற்குத்தான் தங்கச்சி படிக்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம் தமிழக முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம், 2022-ல் வந்தது. இரண்டு வருடம் அரசுத் துறைகளோடு வேலை. கலை, அறிவியல் படித்தவர்களுக்கு முதுகலை கேட்கிறார்கள், வயது வரம்பும் உண்டு. படிக்கப் போவதானால் தள்ளிப்போடாதீர்கள்.

---

செஞ்சிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கன்சல்டன்சி நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். 990 படிவம் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன் ராரிட்டன் சார், அந்த டைரக்டர் மேல் பாவமாக இருக்கிறது.

அசிம் பிரேம்ஜிக்கும் காந்திகிராமத்துக்கும் விண்ணப்பிக்கிறேன். செவனிங் அடுத்த வருடம், ஆங்கிலம் கொஞ்சம் கைவசப்பட்ட பிறகு. அதுவரை ஆபீஸில் கணக்குப் பிரிவில் வாரம் ஒரு நாள் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். மேலாளர் தம்பி சரி என்றுவிட்டார், இயக்குநர்தான் "உனக்கு எதுக்கு அது" என்றார்.

கணக்குப்பிள்ளை அண்ணா, 10பிடி படிவத்தில் நன்கொடையாளரின் பான் எண் இல்லையென்றால் என்ன செய்வது? எங்களிடம் ஊர்க்காரர்கள் கொடுத்த சின்னத் தொகை நிறைய இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை:

ஆதார் மாதிரி வேறு அடையாள எண்ணும் போடலாம். ரசீதுப் புத்தகத்தைப் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கியதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதற்கு 80ஜி சலுகை அவர்களுக்குக் கிடையாது, முன்பே சொல்லிவிடுவது நல்லது.